பெயின்ட் அடித்த தப்பு

எங்கள் தப்பு மேளங்களை நாசமாக்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரித்த முகத்தோடுதான் செய்தார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

வட்டவளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஹோட்டலானது. மலையகக் கலைக்கு உயிர் கொடுக்கப் போகிறோம் என்று கொழும்பிலிருந்து ஓர் ஓவியர் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்க மிஞ்சியிருந்தது நானும் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும்தான். நான்கு தப்பையும் ஹோட்டலுக்கென்று வாங்கி, தோல்மேல் கொழுந்து பறிக்கிற பெண்களை வரைந்தார் அந்த அம்மா.

"தோலுக்குப் பெயின்ட் அடிச்சா சத்தம் செத்துருமுங்கம்மா," என்றார் அண்ணன்.

"மைக் வைக்கிறோம். வீட்டுக்குன்னு வேற தப்பு செஞ்சு தர்றோம்," என்றார் அந்த அம்மா.

வேறு தப்பு வரவேயில்லை. சனிக்கிழமை தோறும் ஹோட்டல் புல்தரையில் அடித்தோம். புல் கருகிவிடும் என்று நெருப்பு மூட்ட விடவில்லை. இந்தக் குளிரில் காய்ச்சாத தோல் தொப்பு தொப்பு என்றுதான் கேட்கும். வெள்ளைக்காரர்களுக்கு அது போதும். ஆட்டம் முடிந்ததும் தப்புகள் அலங்காரமாக ஹோட்டல் சுவரில் ஏறிவிடும்.

"சாவு வீட்ல அடிச்சப்ப தள்ளி நில்லுன்னாங்க. இங்க தோள்ல கை போட்டு போட்டோ புடிக்கிறாங்க," என்று சிரிப்பார் அண்ணன். "டேய், நான் செத்தா மைக்கு கிக்கு வச்சிராதீங்க. நல்லா காய்ச்சி அடிங்க."

மழைக் காலத்தில் ஒரு காலை, நெஞ்சு வலிக்கிறது என்று லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

ஹோட்டலுக்கு ஓடினேன். மேனேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் ஒன்றைத்தான் கழற்றித் தந்தார். நான்கையும் எடுத்தால் சுவர் மொட்டையாகத் தெரியுமாம். "பத்திரம், ஆர்ட் பீஸ்," என்றார். அது அண்ணனுடைய தப்பு.

வாசலில் நெருப்பு மூட்டிக் காய்ச்சினோம். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி நாறியது. அடித்தால் அட்டைப் பெட்டியில் தட்டுகிற மாதிரி இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் சுரண்டினேன். பெயின்டோடு தோலும் கிழிந்தது.

அண்ணி உள்ளேயிருந்து கேட்டார்: "தம்பி, சத்தமே இல்லாமலா தூக்கப் போறீங்க?"

பக்கத்துத் தோட்டங்களில் தப்பு விட்டுப்போய் வருஷக் கணக்காகிறது. எங்கே போய்க் கேட்பேன்?

எங்களோடு அடிப்பவர்களில் ஒருவர் மெல்லச் சொன்னார்: "ஹோட்டல்ல நாம அடிச்ச வீடியோ போன்ல இருக்கு. கோயில் ஸ்பீக்கர்ல போடுவமா?"

அண்ணி தலையாட்டினார்.

அப்படித்தான் தூக்கினோம். தன் சாவுக்கு அண்ணன் தானே அடித்தார், அதுவும் மைக்கில். பாடை தேயிலை மலை ஏறும்போது ஸ்பீக்கரில் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தினால் அண்ணனுக்கு அதுவும் இல்லை. பாடைக்குத் தோள் கொடுத்து நடந்தேன்.