மாடியில் தார்ப்பாய்த் தொட்டி

எங்கள் அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார். கோடையில் லாரி தெருவுக்குள் நுழைந்ததும் "அண்ணே, அண்ணே" என்று குடங்களோடு ஓடி வருவார்கள். தீர்ந்து திரும்பும்போது அதே வாய்கள் பின்னாலிருந்து திட்டும். அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. தெருமுனை வரைக்கும் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே போவார்.

"தண்ணி கொண்டு வந்தவனத் திட்டுறாங்க. கொண்டு வராதவன் நிம்மதியா இருக்கான்" என்று வீட்டில் வந்து கத்துவார். அவருக்கு அந்தத் தெருவையே பிடிக்காது. அதே தெருவில்தான் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம்.

கோடையில் அவருக்கு லீவு கிடையாது. சித்தப்பா குடும்பம் வருஷா வருஷம் கடற்கரை ஊருக்குப் போய், கறுத்துத் திரும்பி வந்து பீற்றிக்கொள்ளும். எங்களுக்கு வாய்த்த பயணம், ஞாயிற்றுக்கிழமைகளில் நீரேற்று நிலையம் வரை லாரியில் போவதுதான். நானும் அக்காவும் முன் சீட்டில் முட்டி மோதி உட்கார்ந்திருப்போம். அம்மா கலக்கிக் கொடுத்த எலுமிச்சைச் சாறு, ஈரத்துணி சுற்றிய பாட்டிலில் மடியில் ஆடும். பாட்டில் என் கையில் இருந்தால் அக்கா கிள்ளுவாள்.

ஒரு வருஷம் சித்தப்பா மகன் அக்காவிடம், "உங்கப்பாகிட்ட இவ்வளவு தண்ணி இருந்தும் உனக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டுவிட்டான். அக்கா அழுதாள். மறுநாள் அப்பா பழைய கட்டில் சட்டங்களையும் கிழிந்த தார்ப்பாயையும் மொட்டைமாடிக்கு ஏற்றினார். அம்மா கோணி ஊசியால் கிழிசல்களைத் தைத்து மெழுகு தடவினாள். சுற்றிலும் செங்கல் அடுக்கியதும் இடுப்பளவுத் தொட்டி தயாராகிவிட்டது.

லாரி டேங்கில் குழாய் மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் துருத் தண்ணீர் தங்கும். வழக்கமாக அதைச் சாக்கடையில் கழுவி விடுவார்கள். அப்பா அதைக் கேன்களில் பிடித்து, மூச்சு வாங்க வாங்க மாடியேற்றினார்.

அந்தத் தொட்டியில் ஊறிக் கிடந்த சாயங்காலங்கள்! அக்கா தலைகீழாக மூழ்கிக் காலை ஆட்டுவாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, கால்களை உள்ளே தொங்கவிட்டுச் சிரிப்பாள். அப்பா எருமை மாதிரி அமிழ்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் யாரையும் திட்ட மாட்டார்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். குரலுக்காகத் தெருவே அவரை 'வெடி' என்று கூப்பிடும். ஒருநாள் அவர் தைத்து ஜன்னலோரம் வைத்திருந்த துணிமேல் மொட்டைமாடியிலிருந்து வழிந்த தண்ணீர் சொட்டியது. கையில் கத்தரிக்கோலோடு அப்படியே மேலே வந்தார். எங்களைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரருகே போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் மேல வந்து பாருங்க! ஒரு குடத்துக்கு நாம அடிச்சிக்கிறோம், இவரு பொண்ணுங்க நீச்சல் அடிக்குதுங்க!"

மாடி நிறைந்துவிட்டது. அப்பா சொட்டச் சொட்ட எழுந்து நின்றார்.

"இது குடிக்கிற தண்ணி இல்ல. டேங்க் அடியில நிக்கிற துரு. வேணும்னா குடிச்சுப் பாரு."

"நான் குடிக்கவா கேட்டேன்? கக்கூஸுக்கு ஊத்தத் தண்ணி இல்லாம நாறிக்கிட்டிருக்கோம்!"

அப்பா ஈர வேட்டியைப் பிழியத் தொடங்கினார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போமே" என்றாள் அம்மா.

"இருக்குன்னு சொல்லியிருந்தாத்தானே கேக்கிறதுக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் தார்ப்பாயில் இறங்கிவிட்டது. தண்ணீர் எங்கள் கால்களுக்கிடையே பாய்ந்து மழைநீர்க் குழாய்க்குள் இறங்கியது. கூட்டம் படிக்கட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடிக் குழாயடியில் வாளிகளை வைத்தது. அப்பா சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"பிடிங்க, பிடிங்க! என் அழுக்கெல்லாம் அதுலதான் இருக்கு!"

கீழேயிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது.

அப்பா ஆபீசில் சொல்லி வேறு தடத்துக்கு மாறிக்கொண்டார். புதிதாக வந்த டிரைவர் நினைத்தால் வருவான், இல்லாவிட்டால் இல்லை. காலிக் குடங்கள் வெயிலில் வரிசையாகக் காய்வதை அப்பா மாடியில் நின்று பார்ப்பார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வெடி எங்களுக்குத் துணி தைக்க மறுத்தார். அம்மா கையாலேயே தைத்த சீருடையில் ஒரு தோள் எப்போதும் இறங்கியே இருக்கும். மழைக்காலத்தில் வீட்டை மாற்றினோம். சாமான் இறக்கும்போது ஒருவரும் வெளியே வரவில்லை. இரண்டாம் மாடியைக் கடக்கையில் தையல் மெஷின் சத்தம் மட்டும் தடதடவென்று கூடியது.

இப்போதும் உறவுக்காரர்கள் கூடினால் அக்கா அந்தத் தொட்டிக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருமுறை நான் அவர் பின்னாலேயே போனேன்.

"அந்தம்மா கேட்டதுல நியாயம் இருந்துச்சுப்பா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எம் பொண்ணா, அவ பொண்ணா?"

"உங்க பொண்ணுதான். அதனாலதான் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்த வருஷம் முழுக்க அம்மா மூலமாகத்தான் என்னிடம் பேசினார்.