பாறைக்கு அடித்த வெள்ளை

"மேஸ்திரி, அடிச்சதையெல்லாம் எடுத்துடு. நாளைக்குக் காலையிலே வர்றாங்க."

என் தொழிலில் ஆபீசர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அடித்த வெள்ளையை எடுக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதுவும் சுவரில் இல்லை, பாறையில்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய புதிது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மைசூர் மண்டி மொஹல்லாவில் சுண்ணாம்பு வாளி தூக்க வந்தவன் நான். அதற்குள் மைசூரிலேயே முதல் தர வெள்ளையடிப்பு கான்ட்ராக்டர். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஊர் சொல்ல மறந்த நாட்களில் நான் சொல்லியிருக்கிறேன்.

1. கல்லுக்குக் கல்யாணம்

பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஆபீசருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு. மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை, நடுவில் காவிப் பட்டை. மைல் கல், தண்ணீர்த் தொட்டி எதையும் விடமாட்டார்கள். ஓர் ஊரில் ரோட்டோரம் படுத்திருந்த எருமை சமயத்தில் எழுந்து போனதால் தப்பித்தது.

ஹனூர் தாண்டி ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. மழை பெய்தால்தான் தண்ணீர். இரு பக்கமும் பனை உயரப் பாறைச் சுவர். சாம்பலும் இளஞ்சிவப்பும் மாறி மாறி, புடவைக் கொசுவம் போல மடிந்த கோடுகள். இடுக்கில் கள்ளியும் முள்ளும். கைப்பிடி அளவுக்குச் சுருண்டு, செத்தது போலக் கிடக்கும் ஒரு செடியும் உண்டு. டில்லியிலிருந்து பாறை விஞ்ஞானிகள் வந்து உள்ளே நடந்து பார்க்கப் போகிறார்கள். அவர்கள் நல்லபடி எழுதினால் ஆபீசருக்குப் பிரமோஷன் என்று பேச்சு.

ஆபீசர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "ஏனு மேஸ்திரி இது, ஒரே அழுக்கு" என்றார். நடக்கிற வழி நெடுக ஆள் உயரத்துக்கு வெள்ளை, கீழே காவி என்று உத்தரவு. கள்ளி நின்ற இடத்தில் டின்னில் வைத்த குரோட்டன்ஸ்.

கூலிக்கு வந்த ஹனூர்ப் பெண்களுக்குத் தலைவி மாரக்கா. முதல் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங் மேஸ்திரி, கல்லுக்கு எதாச்சும் கல்யாணமுங்களா?"

வேலையைப் பார் என்றேன். கேள்வி கேட்கிறவனுக்குக் கான்ட்ராக்ட் கிடைக்காது. கடுக்காய்த் தண்ணீரும் வஜ்ஜிரப் பசையும் என் பக்குவத்தில் சேர்த்து இரண்டு கோட். பள்ளத்தாக்கு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

2. மூஞ்சி கழுவியது

விஞ்ஞானிகள் வருவதற்கு முந்தின நாள் மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்தாராம். வருகிறவர்கள் பாறையின் கோடுகளைப் பார்க்கத்தானே வருகிறார்கள், கோடு எங்கே என்று கேட்டாராம். அதன்பிறகுதான் நம் ஆபீசர் என்னிடம் ஓடிவந்து, முதலில் எழுதினேனே, அதைச் சொன்னார்.

"சார், நான் அடிச்ச சுண்ணாம்பு போகாது. அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"போகலேன்னா உன் பேரு கான்ட்ராக்டர் ரிஜிஸ்டர்லே இருக்காது."

பெயர் போனால் மைசூரில் ஒரு சர்க்கார் சுவர்கூட எனக்குக் கிடைக்காது. தென்னை நார், செங்கல் துண்டு, குடம் குடமாகத் தண்ணீர் என்று பொழுது சாயும்வரை தேய்த்தோம். "நேத்து பவுடர் போட்டமுங்க, இன்னிக்கு மூஞ்சி கழுவியுடறமுங்க. நாளைக்குப் பொட்டு வெக்கோணுமுங்களா?" என்றாள் மாரக்கா. ஒருவழியாகக் கோடுகள் தெரிந்தன.

3. பொங்கியது

மறுநாள் வந்த விஞ்ஞானிகள் குழுவின் தலைவி ஒரு அம்மாள், தமிழ்க்காரர். கையில் சுத்தியல், காலில் பூட்ஸ். ஆட்டுக்குட்டி மாதிரிப் பாறைக்குப் பாறை தாவினார். ஆபீசரும் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனோம். நாங்கள் கொட்டிய தண்ணீரில் அந்தச் சுருண்ட செடியெல்லாம் விரிந்து பச்சைப் பசேலென்று இருந்தது. இந்தக் கோடையில் எப்படி என்று அம்மாள் வியந்தார். தினமும் தண்ணீர் விடுகிறோம் மேடம் என்றார் ஆபீசர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பிறகு அம்மாள் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து பாறையில் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். புஸ்ஸென்று பொங்கியது. சுண்ணாம்புக்கல்தான் அப்படிப் பொங்குமாம், இந்த ஜாதிப் பாறை பொங்கவே கூடாதாம். கூட வந்த கண்ணாடிக்காரர் வேறு இடத்தில் விட்டார். அங்கேயும் பொங்கியது. உலகத்தில் இப்படி யாரும் பார்த்ததில்லை என்று அவர் குதிக்காத குறை.

ஆபீசர் என் காதில் சொன்னார்: "வாயை மூடிட்டு நில்லு. டிஸ்கவரி ஆகுது. உன் பேரும் ரிஜிஸ்டர்லே இருக்கும், என் பிரமோஷனும் வரும்."

நானும் நின்றிருப்பேன். அந்தக் கண்ணாடிக்காரர் பாறையைத் தடவிக்கொண்டே, "இயற்கை எவ்வளவு நேர்த்தியா ஒட்ட வெச்சிருக்கு பாருங்க" என்றார். அதுதான் பொறுக்கவில்லை. பக்குவம் என்னுடையது, பெயர் இயற்கைக்கா?

"அம்மா, இயற்கை ஒண்ணும் பண்ணலே. அது நான் அடிச்சது. ரெண்டு கோட்."

ஆபீசர் அப்படியே குரோட்டன்ஸ் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மாள் பாறையில் ஒரு சில்லு பெயர்த்து, உள்பக்கம் ஆசிட் விட்டார். பொங்கவில்லை.

"தேய்ச்சுக் கழுவினீங்களா?"

"நேத்து பூரா."

"இன்னும் இருக்கே."

"இருக்கும்மா. என் வேலை."

அம்மாள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆபீசர் சொன்னபடியே ரிஜிஸ்டரில் என் பெயரை அடித்தார். செடிக்குத் தண்ணீர் விட்டதற்காக அவருக்குப் பிரமோஷனும் வந்தது. ஆனால் மைசூரில் அம்மாளுக்குத் தெரிந்த ஒரு தனியார் காலேஜில் வருடா வருடம் சுண்ணாம்பு உதிர்கிற சுவர்கள் இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குப்பின் உதிரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் வேலையின் பெயரை இன்னொருவன் கொண்டுபோக விடாதே, அவன் மலையாகவே இருந்தாலும். பள்ளத்தாக்கின் இடது பக்கத்தில் இன்றும் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். போகிறவர்கள் பாறையின் கோடு என்று நினைத்துப் போட்டோ எடுக்கிறார்களாம். அந்தப் பக்கம் போனால் அவர்களுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.