மருந்து விளைந்த கொல்லை

பாப்பாயி பெற்ற முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகுவதற்குள் குளிர்காய்ச்சலில் போய்விட்டன. கொல்லிமலையில் அன்று அது புதுமை இல்லை. மழை விட்டதும் காய்ச்சல் வரும். வந்த வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போகும். அடிவாரத்து வியாபாரிகள் மலையேறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள்.

மூன்றாவதாக மாரி பிறந்தாள். இந்தப் பிள்ளை தின்று வளர வேண்டும், வளர்ந்து தன் கொல்லையிலிருந்து கொடி கொண்டு போக வேண்டும் என்று பாப்பாயி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கொடி என்பது சக்கரவள்ளிக் கொடி. மலையின் நாடுகளில் ஒன்றான குண்டூர் நாட்டில் அவர்கள் இருந்த சிற்றூரில் கல்யாணமாகிப் போகும் பெண் தாய்வீட்டுக் கொல்லையில் கொடி அறுத்து, ஈரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போவாள். ஆலத்தூர் நாட்டில் பிறந்த பாப்பாயியும் அப்படி வந்தவள்தான். நகை போடாமல் போன பெண்கள் உண்டு. கொடி இல்லாமல் போனால், தாய் வெறுங்கையோடு அனுப்பினாள் என்று ஊர் பேசும்.

மாரி தவழ்கிற சமயத்தில், ஐம்பதுகளின் முற்பகுதியில், மருந்தடிக்கும் ஆட்கள் பம்பும் தகர டின்னும் சுமந்து மலையேறி வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி சேந்தமங்கலத்து அர்த்தனாரி. வீடு வீடாகச் சுவருக்கும் கூரைக்கும் அடிக்க வேண்டும் என்றார். பலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாப்பாயி திறந்துவிட்டாள்.

"ஏனுங்க, இதை அடிச்சாப் புள்ளைக்குக் காய்ச்சல் வராதுங்களா?"

"கொசு செவுத்துல உக்காந்தாச் செத்துருமுங்க அம்மிணி. கொசு இல்லீனா காய்ச்சல் எங்கிருந்து வரும்?"

"அப்படின்னா சாமி மாடத்துக்கும் சேத்து அடிங்க. அதுக்கும் கொசு கடிக்குது."

அர்த்தனாரி சிரித்துக்கொண்டே அடித்தார். அந்த வருஷம் மழை விட்டது. பாப்பாயி வீட்டில் யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை. அதைப் பார்த்து ஊர்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேட்டுவீட்டு ருக்குமணி மட்டும் பம்பை வாசலோடு நிறுத்திவிட்டாள். சாமி குடியிருக்கும் வீட்டில் விஷம் தெளிப்பதா என்றாள். இரண்டாம் வருஷம் அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்தான். அதன் பிறகும் அவள் திறக்கவில்லை. இனி யாருக்காகத் திறப்பது என்று கேட்டாள்.

அந்த இரண்டாம் வருஷம் அர்த்தனாரி பம்பைக் கழுவிய தண்ணீரை ஓடைப்பக்கம் கொண்டுபோனபோது பாப்பாயி ஓடிப்போய் மறித்தாள்.

"உசுரு காத்த மருந்தை ஓடையில ஊத்துவாங்களா? எங்க கொல்லையில ஊத்துங்க."

அதுமுதல் வருஷாவருஷம் பம்பு கழுவும் இடம் அவள் கொல்லைதான் என்று ஆயிற்று. அதோடு மலையில் இன்னொரு வழக்கம் இருந்தது. தை நோம்பிக்கு முன் சுவரைச் சுரண்டிப் புதுமண் பூசுவார்கள். சுரண்டிய மண்ணும், கூரை மாற்றும்போது இறங்கும் கரியேறிய பழம்புல்லும் கொல்லைக்கு எருவாகப் போகும். புகையும் உப்பும் குடித்த வீட்டுமண்ணில் போட்டது விளையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுவர் குடித்த மருந்தும் அந்த மண்ணோடு போய்ச் சேர்ந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் வந்தது டி.டி.டி. சில வருஷம் கழித்து வேறொரு பொடி வந்தது. அதில் பூஞ்சை பிடித்த சாக்கின் நாற்றம் அடித்தது. நாற்றமுள்ள மருந்துக்குத்தான் வேகம் அதிகம் என்று பாப்பாயியின் புருஷன் சென்றாயன் சொன்னான்.

கொல்லை நன்றாகவே விளைந்தது. கிழங்கைப் புழு தொடவில்லை. பரங்கிக்காய் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. மண்ணைக் கிளறித் தின்ற கோழிகள் சில கழுத்து முறுக்கிச் செத்தன. சீக்கு என்று தூக்கிப் போட்டார்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு ஒரு கூடை புதுக்கிழங்கு அவித்துக் கொண்டுபோய்க் கோயில் முன் இலையில் குவித்து எல்லோரும் எடுத்துத் தின்பார்கள். புதுப்பொடி வந்து சில வருஷம் ஆன ஒரு நோம்பியில் பாப்பாயியின் கிழங்கை வாயில் வைத்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் எழுந்துபோய்த் துப்பினார்கள். ருக்குமணி ஒரு துண்டைக் கடித்து இலையோரம் வைத்தாள்.

"என்ன பாப்பாயி, எங்களுக்கு அவிச்சியா, கொசுவுக்கு அவிச்சியா?"

கூட்டம் சிரித்தது. பாப்பாயி தானும் கடித்துப் பார்த்தாள். இனிப்புக்கு அடியில் அந்தச் சாக்கு நாற்றம். தன் வீட்டுக் காற்றே அப்படி நாறியதால் இத்தனை நாள் அவள் நாக்குக்கு உறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மாரி இலைமுன் உட்கார்ந்து மூன்றாவது கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

"கீழ போடு கண்ணு."

"ஏம்மா? நல்லாத்தான இருக்குது. கெழங்கு இப்படித்தான இருக்கும்?"

கூடையைத் தூக்கிக்கொண்டு பாப்பாயி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மன் கோபம் என்றார்கள் சிலர். விதை கெட்டுவிட்டது என்றான் சென்றாயன். விதைதானா என்று பார்க்க பாப்பாயி ஒரு வழி கண்டாள். தன் கொடியில் ஒரு கட்டு அறுத்து மேட்டுக்கு ஏறினாள். கூட்டத்தில் கேலி செய்த ருக்குமணியின் வாசலில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது.

"இதை உன் கொல்லையில ஒரு மூலையில ஊனு, ருக்கு. உன் கொடியில கொஞ்சம் எனக்குக் குடு."

ருக்குமணி ஒன்றும் கேட்காமல் அறுத்துக் கொடுத்தாள். கிழங்கு விட்டதும் இருவரும் தோண்டினார்கள். பாப்பாயியின் கொடி மேட்டில் தேனாக இருந்தது. ருக்குமணியின் கொடி கீழே பாப்பாயி கொல்லையில் நாறியது. மண்தான்.

அடுத்த முறை மருந்தடிக்க வந்த அர்த்தனாரியின் கையில் பாப்பாயி ஒரு கிழங்கைக் கொடுத்தாள். கடித்தவர் மெல்வதை நிறுத்தி, தன் உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"என் கை நாத்தம்ங்க இது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோறு திங்கறப்பவும் அடிக்கும்."

"எப்பங்க போகும், மண்ணை வுட்டு?"

"செவுத்துல அடிச்சா மாசக்கணக்கா நிக்கணும்னுதான் இதைச் செஞ்சிருக்காங்க. நிக்குது, அதுதான் இதோட கொணம். மண்ணுல எத்தனை காலம் நிக்கும்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்க அம்மிணி."

"இத்தனை நாளாத் தின்ன புள்ளைக்கு?"

அர்த்தனாரி கிழங்கை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளியே ஆட்கள் பம்போடு காத்திருந்தார்கள். "இந்த ஊட்டை வுட்டுடட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாப்பாயி அண்ணாந்து மேட்டுவீட்டைப் பார்த்தாள். பிள்ளை இல்லாத வாசலில் ருக்குமணி ஒற்றையாக உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்க," என்றாள் பாப்பாயி. "பானையெல்லாம் எடுத்து வெளிய வெச்சுட்டு வாரேன். தண்ணியை மட்டும் என் கொல்லையில ஊத்தாதீங்க."

"வேற எங்கீங்க ஊத்தறது?"

அவளுக்கும் தெரியவில்லை. ஓடைத் தண்ணீரைக் கீழே எத்தனையோ ஊர் குடிக்கிறது. கடைசியில் பாறையடியில் ஒரு குழி வெட்டிக் கொடுத்தாள். தண்ணீர் அதற்குள் இறங்கி எங்கே போயிற்று என்பதை யார் கண்டது?

அதோடு கொல்லையில் தின்னும் பயிர் வைப்பதை நிறுத்தினாள். வீட்டோரத்து நல்ல மண்ணைத் தரிசு போடுவதா என்று சென்றாயன் சண்டை போட்டான்.

"நீங்க தின்னுங்க, நான் அவிச்சுப் போடறேன். எம்புள்ளைக்குப் போட மாட்டேன்."

கொல்லையில் கூரைக்குப் புல் வளரட்டும் என்று விட்டார்கள். கிழங்குக்குத் தொலைவில் சரிவில் ஒரு துண்டுக் காட்டைத் திருத்தினார்கள். அங்கே காட்டுப்பன்றி தின்றது போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு வந்தது. கொல்லையில் மட்டும் ஒரு மூலையில் வருஷத்துக்கு ஒரு கொடி ஊன்றிவைத்தாள். தோண்டுவாள், கடிப்பாள், துப்புவாள். ஒரு வருஷம் நாற்றம் குறைந்தது போலிருக்கும். மறுவருஷம் அப்படியே இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் மாரிக்கு வாசலூர்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. காய்ச்சல் தீண்டாமல் வளர்ந்த பெண். தின்றதெல்லாம் உடம்பில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ என்று பாப்பாயிக்கு உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

புறப்படும் நாள் காலையில் அவள் மேட்டுக்கு ஏறினாள். கேட்பதற்கு முன்பே ருக்குமணி அரிவாளோடு கொல்லையில் நின்றாள். அன்று ஊன்றிய ஒரு கட்டுக்கொடி பாதிக் கொல்லைக்குப் படர்ந்திருந்தது.

"உன் அம்மா ஊட்டுக் கொடிதான். எத்தனை வேணுமோ எடுத்துக்க."

"உன்னுதா ஆகிப்போச்சு, ருக்கு."

"எனக்கு அனுப்பறதுக்கு யாரு இருக்கா? அறு."

இருவருமாக அறுத்து ஈரச்சாக்கில் சுற்றினார்கள். மாரி வழியில் தின்ன நாலு கிழங்கையும் ருக்குமணி பாப்பாயியின் மடியில் போட்டாள். கீழே வந்ததும் மாரி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னும் ஏதோ வர வேண்டும் என்பது போலக் கொஞ்சம் பொறுத்தாள்.

"சப்புனு இருக்குதும்மா. நான் சின்னதுல தின்ன கெழங்கு ருசியே இதுல இல்ல. நம்ம கொல்லைக் கொடி குடுக்க மாட்டியா?"

"கொடி நம்மதுதான் சாமி," என்றாள் பாப்பாயி. "போற எடத்துல செவுத்து மண்ணை மட்டும் கொல்லையில போட்டுராத."

மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டார்கள். பாப்பாயி சாக்குமூட்டையை மகள் தலையில் தூக்கிவைத்தாள். ஈரம் வழிந்து மாரியின் கழுத்தில் இறங்கியது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றிருந்தாள்.

பிறகு கொல்லை மூலைக்குப் போய், அந்த வருஷத்துக் கொடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள்.