தானாக நகர்ந்த அம்புக்குறி

என் மகள் ஜெர்மனிக்குப் போவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரைப் போட்டுவிட்டாள். அங்கிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரை இயக்கலாம் என்றாள். அவள் அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் வீட்டில் இனி நான் ஒருவன்தான் என்பது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்கப்பா. கம்ப்யூட்டரப் போட்டு வச்சிருந்தாப் போதும். நா அங்கிருந்தே பாத்துக்குவேன்.”

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் லோடு எழுதியவன் நான். கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டத் தெரியும், செய்தி படிக்கத் தெரியும். அதற்கு மேல் எது வந்தாலும் பயம்தான்.

முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போன் வரும். “போடுங்கப்பா” என்பாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். திரையில் அம்புக்குறி தானாக நகரும். நான் தெரியாமல் ஏற்றிவைத்த குப்பைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுக்கும். நடுவில் ஓரிடத்தில் நின்று தயங்கும். பள்ளிக்கூட நாட்களில் கணக்குப் போடும்போது பென்சிலை அவள் அப்படித்தான் நிறுத்துவாள். எல்லாம் முடிந்ததும் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து எழுதுவாள்: ‘சாப்ட்டீங்களா?’ ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும். நான் அதன் கீழே ‘ஆச்சு சாமி’ என்று தட்டுவேன். சின்ன வயசிலிருந்தே அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். போனில் பேசுவதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி எழுதுகிற மாதிரி இருக்கும்.

பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை நின்றுபோனது. வாரம் ஒருமுறை போன் மட்டும் வரும், ஐந்து நிமிஷம். ஆனால் திரையின் மூலையில் அந்தச் சாப்ட்வேரின் பச்சைப் புள்ளி எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ‘பாத்துக்குவேன்’ என்று அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

தினமும் பத்து மணிக்குக் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போடுவேன். அதில் கேமரா கிடையாது. தெரிந்தும் பனியனோடு அதன் முன்னால் உட்கார மனசு வராது, சட்டையை மாட்டிக்கொள்வேன். அதே பக்கத்தில், முந்தின நாள் எழுதியதற்குக் கீழே, அன்றைய சங்கதியைத் தட்டிச் சேமித்து, சாயங்காலம்வரை அப்படியே திறந்து வைத்திருப்பேன். ‘ராத்திரி நல்ல மழ. வேலியோரத் தென்ன சாஞ்சிருச்சு.’ ‘கொழம்புல உப்பு தூக்கல்.’ பதில் வராது. வேலையாக இருப்பாள் என்று விட்டுவிடுவேன். போனில் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தோன்றும்.

இந்தக் கோடையில் திரை முழுக்க ஒரு சிவப்புப் பெட்டி வர ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே வாங்குங்கள் என்றது. மூடினால் மறுபடி வரும். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் ஸ்கூட்டியில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் உட்காருவதற்குள் நான் எழுதிய பக்கத்தை அவசரமாக மூடினேன்.

சிவப்புப் பெட்டியைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார். பிறகு மூலையில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினார்.

“ஏனுங்கய்யா, இது யாரு போட்டதுங்க? பழைய வெர்சனுங்க. வெளிய இருந்து யாராச்சும் உள்ள பூந்துருவாங்க. இதையும் எடுத்தரலாங்களா?”

“அது எம்பொண்ணு போட்டதுங்க அம்மணி. தினமும் வந்து பாக்குது.”

“அப்படீங்களா” என்றவர், யார் யார் உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பதற்காக ஒரு பட்டியலைத் திறந்தார். வரிசையாகத் தேதிகள். கடைசி வரியில் விரலை வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்தபடி, “கடைசியா ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருக்குதுங்க. அதுக்கப்பறம் யாரும் வரலீங்க” என்றார்.

அந்தத் தேதி எனக்கு நினைவிருந்தது. ஆதார் நகல் எடுக்க முடியாமல் பிரின்டரோடு நான் மல்லுக்கட்டி, மகள் உள்ளே வந்து சரிசெய்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது.

“எடுத்தரட்டுங்களா?”

“இருக்கட்டும் அம்மணி. நான் பொறவு பாத்துக்கறேன்.”

அவர் வற்புறுத்தவில்லை. எப்படி எடுப்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தார். டீ வேண்டாம் என்றவர் என்ன நினைத்தாரோ, திரும்ப வந்து உட்கார்ந்து குடித்துவிட்டே போனார்.

மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் போட்டு, எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். மகள் மேல் வருத்தப்படத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாதிக்கு மேல் மகளுக்குச் சொல்லும் சங்கதிகளே அல்ல. சோப்புத் தீர்ந்தது, எதிர்த் தோட்டத்து நாய் குட்டி போட்டது, முதுகில் கொப்புளம். எல்லாம் என் மனைவியிடம் சொல்லக்கூடியவை. இதற்கு அந்தப் பெண் ஜெர்மனியில் இருந்துகொண்டு என்ன பதில் எழுதுவாள்?

தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டியலில் அந்தச் சாப்ட்வேரின் பெயரைத் தேடி, நீக்கு என்பதை அழுத்தினேன். ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்டு அதுவே நான்கு காரணங்களையும் கொடுத்திருந்தது. மெதுவாக இருக்கிறது, விலை அதிகம், வேறொன்று கிடைத்துவிட்டது, இனித் தேவையில்லை. எதையும் தொடாமல் அடுத்ததற்குப் போனேன். யார் எப்போது வந்தார்கள் என்ற பழைய பதிவுகளையும் சேர்த்து அழிக்கவா என்றது. சரி என்றேன். அப்படியும் ஒரு போல்டர் மிச்சம் இருக்கும், அதைத் தனியாக அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்மணி கடைசி வரியில் எழுதியிருந்தார். செய்தேன். அணைத்துப் போட்டபோது மூலையில் புள்ளி இல்லை.

அந்த வாரம் மகள் கூப்பிட்டபோது சொன்னேன். “அந்த ரிமோட்ட எடுத்துட்டேன் சாமி.”

“எந்த ரிமோட்டுங்கப்பா? டிவி ரிமோட்டா?”

“இல்ல சாமி. நீ போறப்பக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போனியே, அது.”

“ஓ, அதா! இன்னுமா இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும், இத்தனை வருஷம் கேட்காத ஒன்று வாயில் வந்துவிட்டது.

“இன்னொரு பத்து நிமிசம் சேத்துப் பேசறயா சாமி? இன்னைக்கில்லீன்னாலும், வர்ற வாரம்.”

அவள் குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்துவது கேட்டது.

“பேசறேங்கப்பா” என்றாள். குரல் மாறியிருந்தது.

சில வாரம் பேசுகிறாள். சில வாரம் மறந்துவிடுகிறாள். மறந்த வாரங்களில் நானே கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் பேசுகிறோம். மணி முழுக்க அடித்து நின்றுபோகிற நாட்களும் உண்டு.