பயம் எத்தனை பாகம்?

1. ஹெட்போன்

இருபத்திரண்டு வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். என் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடிய ஒரே ஆள் குமரேசன்தான்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவர். எல்லை தாண்டியதாகக் கடலில் கடற்படையிடம் கைதாகி, இரண்டு மாதம் சிறையில் இருந்து திரும்பியவர். அதன்பின் படகில் ஏறவே இல்லை. இன்ஜின் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி செல்விதான் புதுக்கோட்டையில் உள்ள என் அறைக்குக் கூட்டிவந்தார்.

"ஓனரு இந்த மாசம் வரைக்குந்தான் பாப்பேன்னுட்டாருங்க. அப்பறம் வேற டிரைவர் போட்ருவாராம். இவுகளுக்கு வேற தொழிலும் தெரியாது," என்றார்.

நான் எல்லோருக்கும் செய்வதையே செய்தேன். கண்ணை மூடச் சொல்லி, ரிலாக்சேஷன் ஆடியோவைப் போட்டேன். பேங்க் ஊழியருக்கும் பிளஸ் டூ மாணவிக்கும் நன்றாக வேலை செய்த ஆடியோ அது. அமைதியான கடலலை ஓசை.

கடலில் பிடிபட்டவருக்குக் கடலலை! என் புத்தியை என்னவென்று சொல்ல? அரை நிமிடத்தில் மனிதர் வராந்தாவில் நின்று மூச்சு வாங்கினார். வெட்கமாகப் போயிற்று. போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லங்கம்மா. நீங்க கடலுக்கு வந்ததில்லைல," என்றார்.

2. பத்துக்கு எத்தனை?

அடுத்த வாரமும் வந்தாரே, அதுவே ஆச்சரியம். எங்கள் தொழிலில் பயத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்வோம். சின்ன பயத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதற்குப் போவோம்.

"கரையில நின்னா எத்தனை?"

"அஞ்சு."

"படகுல ஏறுனா?"

"அஞ்சு."

"நடுக்கடல்ல?"

"அதுக்கும் அஞ்சு போடுங்க."

எரிச்சலாக வந்தது. "என்னங்க, எல்லாத்துக்கும் ஒரே பதிலா?"

"மார்க்கெல்லாம் வாத்தியாரு போடுறதுதானம்மா. எனக்கென்ன தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். பேனாவை மூடினேன். "கடல்ல நீங்க எதை அளப்பீங்க?"

"ஆழத்தத்தான். குண்டு கட்டுன கயித்த எறக்கி, ரெண்டு கையையும் விரிச்சு அளக்கணும். ஒரு விரிப்பு ஒரு பாகம். இப்ப மிசினே காட்டிருது, ஆனாலும் நாங்க பாகந்தான் சொல்லுவோம்."

கைகளை விரித்துக் காட்டினார். இரண்டு வாரமாகக் குறுகி உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"அப்ப, கரையில நின்னா பயம் எத்தனை பாகம்?"

யோசித்தார். "ரெண்டு."

"இன்ஜின் போட்டா?"

"அஞ்சு."

"தூரத்துல கப்பல் தெரிஞ்சா?"

விரித்த கைகளை மடக்கிக்கொண்டார். "கயிறு எட்டாதுங்க," என்றார்.

3. கட்டிப்போட்ட படகு

இரண்டு பாகத்தில் தொடங்கினோம். முதலில் படகுத் துறையில் நின்றார். பிறகு கரையில் கட்டியிருந்த படகில் ஏறினார். பிறகு ஓனர் இன்ஜினைப் போட்டார்.

"படகக் கட்டிப்போட்டு இன்ஜினப் போட்டா மீனா வரும்?" என்று ஓனர் என்னைக் கிண்டலடித்தார். ஆனாலும் இரண்டு வாரம் தினமும் போட்டார்.

பயம் குறையும்வரை இறங்கக் கூடாது. நான் விதித்தது அந்த ஒன்றைத்தான். "அஞ்சு," என்று படகிலிருந்து குமரேசன் கத்துவார். கால் மணி நேரம் கழித்து, "நாலு." அப்புறம், "ரெண்டுங்கம்மா!"

மாதக் கடைசித் திங்கட்கிழமை படகு கடலுக்குப் போனது. அவரே ஓட்டிப் போனார்.

மறுநாள் காலை அன்னவாசலில் இருந்து ஓர் அம்மா கோபம் அடங்கவில்லை என்று வந்திருந்தார். மார்க் போடும் ஃபாரத்தை எடுக்காமல், "உங்க கோபத்த எதால அளக்கலாம்?" என்று கேட்டேன். "குக்கர் விசில்லதான். நேத்து மாமியாகிட்ட மூணு விசில்," என்று சிரித்தார். அவரவர் கையில் இருக்கும் அளவுகோலைக் கேட்டு வாங்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது போன் அடித்தது. குமரேசன்.

"கரைக்கு வந்துட்டேம்மா. ஆறு பாகத் தண்ணியில வலை போட்டோம்."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"தூரத்துல ஒரு கப்பல் தெரிஞ்சுச்சுங்க. மனசுக்குள்ளயே கயித்த விட்டுப் பாத்தேன். ஒம்பது பாகம்."

"ஒம்பதா?"

"ஒம்பதுதாம்மா. ஆனா கயிறு தரையத் தொட்டுருச்சு."