துரைக்கு உடம்பு சரியில்லை

துரை படுத்துவிட்டான்.

துரை என்றால் கோட்டு சூட்டு போட்ட ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். சேவல். செருப்பு வைக்கிற தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பான், வீட்டையே அவன் பேருக்கு எழுதி வைத்துவிட்ட மாதிரி. அந்தப் பார்வைக்காகத்தான் அந்தப் பெயர். வைத்தது அவளுடைய தம்பி. சட்டைப் பையில் ஒரு குஞ்சைப் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, உனக்கும் மாமாவுக்கும் பொழுது போக வேணாமா, இந்தா" என்று மேசை மேல் விட்டுவிட்டுப் போனான். அந்தத் தம்பி போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். நெஞ்சுவலி. சாகிற வயசா அது? அவன் கையால் வந்தது என்று சொல்லிக்கொள்ள அவளிடம் மிஞ்சியிருந்தது துரை ஒருவன்தான்.

தம்பி போனதிலிருந்து அவளும் அவள் புருஷனும் பேசிக்கொள்வதில்லை.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவர் பஸ் டிரைவர். செய்தி வந்த அன்று அவருக்கு போன் போட்டாள். "லீவு கேட்டுப் பாத்துட்டேன், குடுக்க மாட்டேங்குறாங்க. நீ முன்னால போ, நான் பின்னாலயே வரேன்" என்றார். வந்தார், எல்லாம் முடிந்து வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது. யூனிஃபார்மோடு வந்து வாசலில் நின்றார். சொந்தக்காரர்களின் வாய் சும்மா இருக்குமா? காது கூசுகிற அளவுக்குப் பேசினார்கள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டெப்போக்காரர்களை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி சபித்தாள், ஆனாலும் கோபமெல்லாம் இவர் மேல்தான். முடியாது என்று சொல்லிவிட்டால் முடியாதா? சாவியை மேசை மேல் வீசிவிட்டு வரத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு? அன்று மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை.

பேசாமல் இருந்துவிடலாம், குடித்தனம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் துரை.

"துரை, கேஸ் தீரப் போகுதுன்னு சொல்லு" என்பாள் அடுப்படியிலிருந்து.

"துரை, அதெல்லாம் சொல்லியாச்சுன்னு சொல்லு" என்று உள்ளறையிலிருந்து பதில் வரும்.

துரைக்கு ஒரு எழவும் புரியாது. தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பிவிட்டு ஷூ லேஸைக் கொத்தப் போய்விடுவான். இருவருக்கும் அது போதுமாக இருந்தது. ஒருமுறை அவன் கொல்லைப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தபோது மோட்டார் ஓடி ஓடித் தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் வழிகிறது என்று சொல்ல, அவன் உள்ளே வரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்ட துரை ஒரு காலையில் தட்டின் மேல் ஏறவில்லை. இறகைப் பந்தாகச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். பச்சை பச்சையாகக் கழிச்சல். வேலை முடிந்து வந்த கால் வலியோடு அவனைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா ஒரு புட்டி மருந்து கொடுத்தார். காலையும் மாலையும் ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்து, கூடவே குழைந்த சோறு கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்தாள். "துரை, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவையாம். கூட குழைஞ்ச சோறாம்" என்றாள். வழக்கம்போல வீட்டு நிலவரத்தைச் சொல்லி வைத்தாள், அவ்வளவுதான். உள்ளே இருந்தவர் காதிலும் அது விழுந்தது.

அதன் பிறகு பொழுது விடியும் முன்னே எழுந்து, அவன் அலகைப் பிரித்து மருந்தை விட்டு, விரலால் சோற்றை ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் வந்து மறுபடியும். பகலெல்லாம் நோயாளிகளின் அழுக்கு, வந்தால் இவன் அழுக்கு. தூக்கம் கண்ணிலேயே நின்றது. இவ்வளவு செய்தும் துரை தேறவில்லை. கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி வீங்கி, வாயைத் திறந்தால் புளித்த வாடை அடித்தது.

மறுபடியும் கூடை, மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"தீனிப்பை கல்லு மாதிரி கிடக்கு. தின்னது இறங்கவே இல்ல, உள்ளயே புளிச்சுப் போச்சு. எவ்வளவும்மா ஊட்டுறீங்க?" என்றவர், அவள் கொண்டுவந்த மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல பாதியாவது இருக்கணுமே. காலியா இருக்கு. வீட்டுல வேற யாராவது குடுக்குறாங்களா?"

"வீட்டுல நானும் அவரும்தான்."

"அவரைக் கேட்டீங்களா?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாள். காலையில் சிரிஞ்சு ஈரமாகவே இருந்ததும், சோற்றுக் கிண்ணம் இடம் மாறி இருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தன. தூக்கக் கலக்கத்தில் தானே வைத்திருப்போம் என்று விட்டுவிட்டாள்.

"கேக்கல" என்றாள்.

இனிமேல் தீனி கூடாது, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு வீக்கத்தை மெல்ல நீவிக்கொண்டே இருக்க வேண்டும், பகலெல்லாம் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. "பிழைக்கிறது கஷ்டம்தான். பாருங்க."

வீட்டில் கூடையின் முன் உட்கார்ந்தாள். அவர் துண்டோடு கதவோரம் நின்றிருந்தார்.

"துரை, நானும் குடுத்திருக்கேன், இன்னொருத்தரும் குடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து ஊட்டி ஊட்டியே உன்னை இப்படி ஆக்கிட்டோம்" என்றாள். "நாளையிலருந்து பகல்ல உன் பக்கத்துல ஆள் இருக்கணுமாம். நான் எங்கடா போவேன் ஆளுக்கு? எனக்கு லீவும் கிடைக்காது."

துரை கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் அவளுக்கு எதிரே நின்று போர்வை மடித்தவள், எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து ஒன்றுசேர்ப்பார்கள். ஒவ்வொரு தரமும் இவள் முனை நழுவியது.

"என்னடி, உசிரை எங்கயோ வெச்சிட்டு வந்திருக்க? முடியலன்னா லீவு சொல்லிட்டுப் போயேன்."

"சேவலுக்குன்னு சொன்னா சிரிப்பாங்க."

"உடம்பு சரியில்லன்னு சொல்லு. யாருக்குன்னு யாரு கேக்கப் போறா?"

அவள் சொல்லவில்லை. செத்துத்தான் கிடப்பான், வெறும் வீட்டில் தனியாகச் செத்துக் கிடப்பான் என்று அடித்துக்கொண்ட மனசோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. யூனிஃபார்ம் ஆணியில் தொங்கியது, காலையில் அவள் மாட்டிய இடத்திலேயே, மடிப்புக் கலையாமல். அவர் பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் துரை. பெருவிரலில் எண்ணெய். வீக்கத்தை மேலிருந்து கீழாக நீவிக்கொண்டிருந்தார்.

தோளில் கிடந்த பையைக்கூட அவள் இறக்கவில்லை.

"லீவு குடுத்தாங்களா?" என்றாள்.

துரையைப் பார்த்து அல்ல. நேராக அவரிடம். அவர் விரல் நின்றுவிட்டது.

"ம். கேட்டேன். குடுத்துட்டாங்க."

"கேட்டா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அன்னைக்குக் கேட்டீங்களா?"

அவர் துரையின் முதுகைத் தடவினார். பிறகு, "கேக்கல" என்றார். "வண்டியை எடுத்துட்டு ரூட்டுல போய்ட்டேன். நிறுத்துனா நம்பணும்ல. ஓட்டிக்கிட்டே இருக்குற வரைக்கும் அவன் இருக்கான்னு தோணுச்சு. பொய் சொல்லிட்டேன். அப்புறம் அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இத்தனை மாதமாக வீணாக டெப்போவைத் திட்டியிருக்கிறாள். கத்தியிருக்க வேண்டும், கையில் கிடைத்ததை வீசியிருக்க வேண்டும். மனசார வெறுக்கத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் கால் வலித்தது, இடுப்பு வலித்தது, வெறுப்பதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. பையை இறக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எண்ணெய் எப்ப விட்டீங்க?"

"இப்பதான். நீ மறுபடி விட்டுடாத."

"விடல."

மறுநாள் அவளும் லீவு கேட்டாள். வீட்டில் உடம்பு சரியில்லை என்றாள். மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி என்றார். எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு இருவரும் மாற்றி மாற்றி நீவினார்கள். யார் விட்டது, எப்போது விட்டது என்று ஒவ்வொரு தரமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். வீக்கம் கொஞ்சம் இளகியது. துரை ஒரு தரம் கழுத்தைத் தூக்கி அந்தப் பழைய பார்வையைக்கூடப் பார்த்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. மத்தியான வெயிலில், அவள் மடியில், அவர் கை அவன் மேல் இருக்கும்போதே அடங்கிவிட்டான்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் குழி வெட்டினார்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க, நாய் தோண்டிடும்" என்றாள்.

வெட்டினார். துண்டில் சுற்றிய துரையை வாங்கி உள்ளே இறக்கியவர் எழுந்திருக்கவில்லை. குழி ஓரத்திலேயே மண்டியிட்டு, "மச்சான்" என்றார். "மச்சான், மச்சான்" என்று தோள் குலுங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்கு அழுதார். அன்று அந்த வாசலில் நின்று அழுதிருக்க வேண்டிய அழுகை.

அவள் தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி அவளே மண்ணைத் தள்ளி மூடினாள்.

"எழுந்திரிங்க. கையைக் காலைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.