மச்சான் படகுக்கு வாங்கிய ஆயில் சேம்பர்

என் மனைவியின் தம்பிக்குக் கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகு இருக்கிறது. எனக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன் நான். ஆனால் அக்காள் புருஷன் என்றால் எல்லா வேலைக்கும் ஆவான் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

மீன்பிடித் தடைக்காலத்தில் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தபோது ஆயில் சேம்பர் உப்புத்தண்ணீரில் அரித்து அப்பளமாகியிருந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கி நிற்கும் தொட்டி அது. எஞ்சினைச் செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதாம். வேறு யாரோ செய்த சேம்பர் ஒன்று சிதம்பரத்தில் கிடைத்தது. வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வைத்திருந்து, மறுநாள் காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "இன்னா சார், அண்டாவா?" என்றார் கண்டக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

போல்ட் ஓட்டைகளில் சில எஞ்சினோடு சேரவில்லை. "லோக்கல் அயிட்டம் இப்டித்தான் சார் இருக்கும், நாமதான் சமாதானம் பண்ணணும்" என்று மெக்கானிக் அரத்தால் ராவிச் சரி செய்தார். ஆயில் அலம்பாமல் இருக்கச் சேம்பருக்குள் ஒரு தடுப்புத் தகடு உண்டு. தகட்டுக்குக் கீழே அவர் கை போகவில்லை. புதுசுதானே என்று எட்டிய மட்டும் துடைத்துவிட்டு, கார்க் பேக்கிங் வைத்து, பேஸ்ட் தடவி முடுக்கினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நானே செய்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

தடைக்காலம் முடிந்ததும் டிரையல் ஓட்டினார்கள். "சேம்பர் வாங்கியாந்தவரு நீங்க, நீங்க இல்லாமலா மாமா?" என்று மச்சான் என்னையும் ஏற்றிக்கொண்டான். முகத்துவாரம் வரைக்கும் சுகமாகத்தான் போனோம். இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிய அந்த இடத்தில் அலை படகைத் தூக்கி ஒரு சாய்ப்புச் சாய்த்தது. அப்போது ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கியது. இறங்கியது மேலே ஏறவே இல்லை. முள் இறங்கினால் எஞ்சினுக்கு ஆயில் போகவில்லை, உடனே நிறுத்த வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

"ஆஃப் பண்ணுடா மச்சான்!" என்று கத்தினேன். அதுவரை அவனை நான் 'டா' போட்டதில்லை.

"ஆஃப் பண்ணா அலை கொண்டு போயி கல்லுல அடிச்சிடும் மாமா. எஞ்சின் போனா போவுது. கெட்டியா புடிச்சிக்குங்க."

எஞ்சின் இரும்போடு இரும்பு இடிக்கிற சத்தத்தில் கதறியது. அவன் அப்படியே திருப்பி, கல்லுக்கு ஒதுங்கி, ஆற்றுக்குள் கொண்டுவந்த பிறகுதான் நிறுத்தினான். இன்னொரு படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

மதியம் சேம்பரைக் கழற்றினார்கள். ஆயிலை உறிஞ்சும் வலை மேல் ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. மெக்கானிக் உரித்து எடுத்து மண்ணெண்ணெயில் அலசினார். மஞ்சள் துணி. ஒரு முனையில் இறுக்கிப் போட்ட முடிச்சு. பிரித்தால் உள்ளே பச்சரிசியும் ஒரு துண்டு விரலி மஞ்சளும்.

"யாரு சார் பண்ண வேலை இது?" என்றார் அவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட என் மனைவி வெறுமையாகக் கொடுக்க மாட்டாள்; ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பாள். கூடத்தில் ஒரு புதுப் பாத்திரம். அதுவும் தம்பி படகுக்குப் போகிற பாத்திரம். வழியில் விழுந்துவிடக் கூடாதென்று தகட்டுக்கு அடியில் திணித்திருக்கிறாள். அலை சாய்த்ததும் அது நகர்ந்து வலையை அடைத்திருக்கிறது. தம்பி நல்லபடி கரை சேரட்டும் என்று வைத்தது, அவனைக் கல்லில் மோதப் பார்த்திருக்கிறது.

மச்சானும் அதே வீட்டில் வளர்ந்தவன்தானே, சொல்லாமலே புரிந்துகொண்டான். துணியை ஈரத்தோடு சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா" என்றான்.

நான் வீட்டுக்கு வருவதற்குள், எஞ்சின் நின்றதும் எல்லாரும் தப்பித்ததும் யாரோ போன் செய்து அவளுக்குத் தெரிந்திருந்தது. முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னுதான் சொல்லல. சேம்பர்ல ஒரு முடிச்சு வச்சனுப்புனேன். அதான் என் தம்பிய காப்பாத்திச்சு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தப் பூரிப்பைப் பார்த்ததும் எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முள் இறங்கியது, கல், மண்ணெண்ணெயில் அலசிய மஞ்சள் துணி, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"அவனுக்கு தெரியுமா?"

"தெரியும்."

"திட்டினானா?"

"இல்ல. உன்கிட்ட சொல்ல வேணாம்னான்."

அதுவரை நின்றுகொண்டிருந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.